சொல் வந்த பிறகே கை

அந்தக் கார் நிறுத்துமிடத்தின் ஆறாவது தளத்துக்குக் காலை ஒன்பது மணிவரை ஒரு வண்டியும் ஏறி வராது. ஆறிலிருந்து ஒன்பதுவரை அது யார் கண்ணிலும் படாத ஒரு குட்டித் தேசம். கான்கிரீட் தரை, இடுப்பளவு சுவர், அதற்கு மேலே வெறும் வானம். வண்டிகள் நிற்பதற்காகப் போட்ட வெள்ளைக் கோடுகளை ஓட்டப் பாதைகளாக வைத்துக்கொண்டு இருபது பிள்ளைகள் அங்கே ஓடினார்கள்.

அந்தத் தேசத்துக்கு ராணி என்றால் லிஃப்ட் அக்காதான். சுற்றுவட்டாரத்தில் பதினோரு கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பழுது பார்ப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலத்தில் தானும் ஓடியவள். இந்தக் கட்டடத்து லிஃப்ட்டை மூன்று பேர் பார்த்துக் கைவிட்ட பிறகு, அரை நாளில் சரி செய்து கொடுத்திருந்தாள். "என்ன வேணும்?" என்று கட்டடத்துக்காரர் கேட்டபோது, "காலையில மொட்டை மாடி" என்றாளாம். பிள்ளைகளுக்கு அந்தக் கதை மனப்பாடம்.

அன்றைக்குக் காலையில் அவள் ஒரு சின்னப் பெண்ணைத் தோளைப் பிடித்து அழைத்துவந்து ஏணியின் முன்னால் நிறுத்தினாள்.

ஏணிக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்துக் கதவு நிலையில் தலை இடித்துக்கொள்கிற உயரம். அதனால் வந்த பெயர். இந்த மாடியிலேயே வேகமானவள் அவள். அது எல்லாருக்கும் தெரியும், அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

"இவதான் உன் ஜோடி" என்றாள் லிஃப்ட் அக்கா. "பதினோரு வயசு. மிளகுன்னு கூப்பிடுறோம்."

ஏணி குனிந்து பார்த்தாள். மிளகு தன் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது என் கடைசி வருஷம். அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். எனக்குப் போயி இத்தனூண்ட ஜோடி போட்டா எப்படி?"

"போன வருஷம் குச்சிய நழுவ விட்டுச்சே ஒரு பொண்ணு, அது இப்ப எங்க?"

போன வருடத் தொடர் ஓட்டப் போட்டியில் அந்தப் பெண்ணை அத்தனை பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டியது ஏணிதான். அந்தப் பெண் அதற்குப் பிறகு மாடிக்கே வரவில்லை.

"ஒரு பிள்ளைய துரத்தி விட்ட. ஒரு பிள்ளைய ஓட வை. ரெண்டு மாசம் இருக்கு. ஓடுனா ரெண்டு பேரும் ஓடுவீங்க. இல்லன்னா ரெண்டு பேரும் உக்காந்து கை தட்டுவீங்க."

அதற்கு மேல் பேச்சில்லை. லிஃப்ட் அக்கா ஒன்று சொன்னால் அது சொன்னதுதான்.

நகரக் குழுக்களுக்கான அந்தத் தொடர் ஓட்டம் கொஞ்சம் விசித்திரமானது. நான்கு பேரில் இரண்டு பேர் பன்னிரண்டு வயதுக்குக் கீழே, இரண்டு பேர் அதற்கு மேலே. சின்னவள், பெரியவள், சின்னவள், பெரியவள் என்று மாறி மாறி ஓட வேண்டும். மூன்றாவதாக மிளகு ஓடி வருவாள், குச்சியை வாங்கிக்கொண்டு கடைசி நூறு மீட்டரை ஏணி முடிக்க வேண்டும். இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு நடுவேதான் குச்சி கை மாற வேண்டும். கோட்டைத் தாண்டிக் கொடுத்தால் குழுவே வெளியே. ஓடி வருபவள் தரையில் ஒட்டியிருக்கும் குறியைத் தொடுகிறவரை வாங்குபவள் திரும்பிப் பார்க்கலாம். தொட்டதும் முகத்தைத் திருப்பி ஓட ஆரம்பித்துவிட வேண்டும். அதன் பிறகு திரும்பிப் பார்த்தால் அரை விநாடி போய்விடும். பின்னால் வருபவள் ஒரு சொல்லைக் கத்துவாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கையைப் பின்னால் நீட்டினால் போதும், குச்சி தானாக வந்து உட்காரும்.

எல்லாக் குழுக்களும் 'இந்தா' என்றுதான் கத்தும். இந்த மாடியில் மட்டும் வேறு வழக்கம். பல வருடங்களுக்கு முன் ஒரு பெண், பக்கத்துப் பாதையிலிருந்து வந்த 'இந்தா'வுக்குக் கை நீட்டி, வேறொரு குழுவின் குச்சியை வாங்கிக்கொண்டு முதலாவதாக ஓடி முடித்துவிட்டாளாம். மைதானமே எழுந்து கை தட்டியதாம். அவள் கையிலிருந்த குச்சியின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் விஷயம் புரிந்ததாம். அன்றிலிருந்து இங்கே ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தனிச் சொல். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓடி வந்து கொடுப்பவளுக்கு மட்டும். இவர்கள் குழுவின் மற்ற ஜோடியின் சொல் 'பக்கெட்டு'.

"உன் வார்த்தை என்ன?" என்று ஏணி கேட்டாள்.

மிளகு வாயைத் திறந்தாள். உதடு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. "எ-எ-எ..."

"எதுவானாலும் பரவாயில்லையா? சரி, இந்தான்னே வச்சுக்கலாம்."

மிளகு தலையை ஆட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று பார்க்க ஏணிக்கு அன்றைக்குப் பொறுமை இல்லை.

'இந்தா' வேலை செய்யவில்லை. மிளகு நன்றாக ஓடினாள். அந்தப் பொடிசு காலில் அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ! ஆனால் கிட்டே வந்ததும் சொல் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். "இ-இ-" என்பதற்குள் ஏணி கோட்டைத் தாண்டியிருப்பாள். 'பிடி' என்று மாற்றினார்கள். 'ம்' என்று மட்டும் சொல்லச் சொன்னாள் ஏணி. அதுவும் வரவில்லை. சாதாரணமாக வாய்க்குள்ளேயே 'ம்' கொட்டுகிற பிள்ளை, கொட்டு என்றதும் ஊமையாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிளகை அழைத்துப்போக ஏணி அவள் வீட்டுக்கே போனாள். நான்காவது மாடியில் ஒன்றரை அறை. மிளகின் அம்மா சட்டைக் காலர் தைப்பவள். வீடு முழுக்கக் காலர்கள் கட்டுக் கட்டாக, கழுத்துகளுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தன. இரவுக் காவல் முடிந்து வந்த அப்பா சுவரோரம் படுத்திருந்தார்.

"வாம்மா, உக்காரு. இவ உன்னப் பத்திதான் எப்பவும் சொல்லுவா" என்றாள் அம்மா.

"சொல்லுவாளா?"

"சொல்ல வருவா. நானே புரிஞ்சுக்குவேன்."

மிளகு ரொட்டியைத் தின்று முடித்துவிட்டு எழுந்தாள். "அம்மா, சா-சா-"

"சாப்பாடு பத்தலையா? இந்தா கண்ணு." இன்னும் இரண்டு துண்டு ரொட்டி தட்டில் விழுந்தது.

மிளகு உட்கார்ந்தாள். தின்றாள். மறுபடி எழுந்தாள். "சா-"

"வளர்ற பிள்ளைல்ல, நல்லா சாப்பிடட்டும்" என்று கண்ணை மூடியபடியே அப்பா சொன்னார். இன்னொரு துண்டு வந்தது.

ஏணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசலை விட்டு இறங்கும்போதுதான், மிளகு எம்பி எம்பிக் கதவின் மேலே ஆணியில் தொங்கிய எதையோ எடுக்கப் பார்ப்பதைக் கவனித்தாள். ஷூ வைக்கும் பெட்டியின் சாவி. அவளுக்கு வேண்டியது சாப்பாடில்லை, சாவி.

ஏணி எட்டி எடுத்துக் கொடுத்தாள். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. மூன்று துண்டு ரொட்டியை அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் தின்று தீர்த்ததை நினைத்தபோது அவளுக்கே வயிறு கனத்தது. 'அவங்கதான் இப்படின்னா, நான் மட்டும் என்ன கிழிச்சேன்' என்று ஒரு எண்ணம் வந்தது. அதை அவள் அதிக நேரம் நிற்கவிடவில்லை.

அந்த வாரம்தான் அவளுக்கு அந்தத் தந்திரம் தோன்றியது. மிளகு வலது காலைக் கொஞ்சம் அழுத்தி ஊன்றுவாள். கான்கிரீட்டில் அது தனியாகக் கேட்கும். தப்-டப், தப்-டப். குறியைத் தொட்டதிலிருந்து ஆறாவது 'டப்' வரும்போது மிளகு சரியாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். சொல்லே தேவையில்லை. 'டப்'பை எண்ணினால் போதும்.

ஒரே காலையில் ஒன்பது முறை கொடுத்து வாங்கினார்கள். ஒன்பதும் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. மற்ற ஜோடி வாயைப் பிளந்து பார்த்தது. மிளகு முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள். முன்பல்லில் பாதி இல்லை.

லிஃப்ட் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நேரம் நல்லாத்தான் இருக்கு. வார்த்தை எங்க?"

"எதுக்கு வார்த்தை? அதான் வருதே குச்சி!"

"போட்டியில எட்டு குழு ஓடும். எட்டு பேரு காலடியில இவ காலடி எதுன்னு கண்டுபிடிப்பியா?"

"கண்டுபிடிப்பேன். இவ கால நான் தூக்கத்துலயும் கண்டுபிடிப்பேன்."

"சமத்து" என்றாள் அக்கா. அது பாராட்டா என்று யோசிப்பதற்குள் அவள் இடுப்பிலிருந்த கைபேசி அடித்தது. எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சரிவுப் பாதையில் இறங்கினாள். தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஏணியும் கூடவே போனாள்.

"கதவ இழுக்காதீங்க. இழுத்தா இன்னும் சிக்கும்... இல்ல, நீங்க சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க... நான் எங்கயும் போகல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... அழுதுட்டே சொல்லுங்க, பரவால்ல."

ஐந்து தளங்கள். ஐந்திலும் அக்கா இருபது வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டாள். மறுமுனையில் அந்தப் பெண் மூச்சு வாங்குவதும், நிறுத்துவதும், மறுபடி தொடங்குவதும் ஏணிக்கே கேட்டது. தானாக இருந்தால் 'பயமா இருக்கா, மூச்சு முட்டுதா, தண்ணி வேணுமா' என்று இருபது கேள்வி கேட்டிருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. அக்கா ஒன்றுகூடக் கேட்கவில்லை. கீழே போய்ச் சேரும்போது அந்தப் பெண்ணே தான் எந்தத் தளத்துக்கும் எந்தத் தளத்துக்கும் நடுவில் நிற்கிறோம் என்பதைச் சொல்லி முடித்திருந்தாள். க்ரீஸ் படிந்த விரல்களால் ஸ்கூட்டரை உயிர்ப்பித்துக்கொண்டு போன அக்காவை, அவள் தெருமுனையில் திரும்பும்வரை ஏணி பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆனாலும் தந்திரம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. வேலை செய்கிற ஒன்றை யார் கைவிடுவார்கள்?

போட்டி நாள் வந்தது. புதிதாகக் கட்டிய மைதானம். செங்கல் நிறத்தில் ஓட்டப் பாதை வளைந்து கிடந்தது, யாரோ நகரத்தின் நடுவில் ஒரு நாடாவை அவிழ்த்துப் போட்ட மாதிரி. ஏணி அதில் கால் வைத்தாள். மெத்தென்று இருந்தது.

"கொஞ்சம் ஓடி வா பாப்போம்" என்று மிளகை அனுப்பினாள். தான் முன்னால் திரும்பி நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். முதுகில் ஒரு விரல் தொட்டது. திரும்பினால் மிளகு நிற்கிறாள்.

"எப்ப வந்த?"

பாதை ரப்பர். பூனை நடந்தாலும் மிளகு ஓடினாலும் அதற்கு ஒன்றுதான். வாரக்கணக்கில் கான்கிரீட்டில் கால் சத்தத்தை எண்ணி எண்ணிப் பழகியவர்களுக்கு, ஓட்டப் பாதை என்பது ரப்பரில் இருக்கும் என்று கடைசிவரை தோன்றவே இல்லை. மாடியையும் போன வருடம் ஓடிய மண் தரையையும் தவிர வேறு தரையை அவர்கள் எங்கே கண்டார்கள்?

ஏணி வேறு வழிகளை யோசித்தாள். தன் அடிகளையே எண்ணலாம்தான். ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் மிளகு எந்த வேகத்தில் வருவாள் என்று யாருக்குத் தெரியும்? திரும்பிப் பார்த்து வாங்கலாம். அரை விநாடி போகும், போட்டியும் போகும். லிஃப்ட் அக்காவிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால், 'சரி, உக்காந்து கை தட்டுங்க' என்று அவள் சொல்வாள். அப்போது இந்தப் பொடிசும் இனி மாடிக்கு வராது. அந்த நினைப்புதான் அவளை நிஜமாகவே கலக்கியது. கடைசி வருடம் என்பதுகூட அப்போது நினைவில் இல்லை.

அவள் மிளகின் முன்னால் மண்டியிட்டாள். அப்போதும் ஏணிதான் உயரம்.

"என் தந்திரம் இங்க செல்லாதுடி. உன் கால் சத்தம் எனக்குக் கேக்கல. எனக்கு உன் குரல் வேணும். வார்த்தை நீயே சொல்லு. எதுவா இருந்தாலும் சரி."

மிளகு வாயைத் திறந்தாள். "தி-தி-தி..."

'திரும்பிப் பாரு' என்கிறாளா, 'திட்டுவியா' என்கிறாளா, 'திடீர்னு கேட்டா எப்படி' என்கிறாளா? மூன்றும் ஏணியின் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றன. ஒலிபெருக்கி அவர்கள் குழுவின் எண்ணைக் கூப்பிட்டது. மற்ற ஜோடி கையை ஆட்டி அழைத்தது. ஏணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மிளகின் கண் மூடியது, திறந்தது, தோள் ஏறி இறங்கியது. அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு பகல் முழுவதும் போய்விடும் போலிருந்தது.

"தி-திரும்பிப் பா-பாக்காத. நா-நான் சொல்ற வரைக்கும் கை நீ-நீட்டாத. நீ எ-எப்பவும் முன்னாடியே நீட்டிடுற."

ஏணிக்குக் கன்னம் சுட்டது. இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளை அவளிடம் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அதுவும் ஒரு குற்றச்சாட்டு. அதுவும் உண்மை.

"சரி. என்ன வார்த்தை?"

"வ-வரும்போது தெரியும்" என்று சொல்லிவிட்டு மிளகு தன் இடத்துக்கு ஓடிப் போனாள்.

துப்பாக்கி வெடித்தது. முதல் சின்னவள் ஐந்தாவதாக வந்தாள். 'பக்கெட்டு!' என்ற அலறலில் பக்கத்துப் பாதைக்காரி ஒருத்தி தடுமாறினாள். இரண்டாவது ஓடியவள் இரண்டு பேரைத் தாண்டி மூன்றாவதாகக் கொண்டுவந்து மிளகின் கையில் குச்சியைச் சேர்த்தாள். வளைவில் மிளகு கிளம்பியதை ஏணி தன் இடத்திலிருந்து பார்த்தாள். தலையைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி, யாரோ தன் பொருளை எடுத்துக்கொண்டு போவதைப் போலத் துரத்தி வந்தாள். ஒருத்தியைத் தாண்டினாள். இப்போது இரண்டாவது.

குறியைத் தொட்டாள். ஏணி முகத்தைத் திருப்பிக்கொண்டு பாய்ந்தாள்.

முன்னால் சிவந்த பாதை மட்டும். இருபுறமும் 'இந்தா! இந்தா!' என்று கூவல்கள். பின்னால் ஒன்றுமில்லை, பஞ்சு மாதிரி மௌனம். நான்கு அடி, ஐந்து அடி. பிறகு, மிகக் கிட்டத்தில்:

"வா-"

ஏணியின் கை தானாகத் துடித்தது. தோளிலிருந்து கிளம்பிப் பாதி வழி போயே போய்விட்டது. அவள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். சொல் இன்னும் முடியவில்லை.

"வா-வா-"

மஞ்சள் கோடு நெருங்கியது. பக்கத்துப் பாதைக்காரி குச்சியோடு அவளைத் தாண்டிப் போனாள். ஏணி வேகத்தைக் குறைத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு பந்தயத்தின் நடுவில், வேண்டுமென்றே. கோட்டுக்கு நான்கு அடி. மூன்று.

"வாங்குடி!"

கை போனது. குச்சி வந்தது. மஞ்சள் கோடு காலுக்கடியில் கடந்தது.

'டி'யா? நூறு மீட்டரும் ஏணி சிரித்துக்கொண்டே ஓடினாள். சிரிக்காமல் ஓடியிருந்தால் முன்னால் போனவளைப் பிடித்திருக்கலாம் என்று பிறகு மற்ற ஜோடி சொன்னது. கையை முன்னாடியே நீட்டியிருந்தாலே பிடித்திருக்கலாம் என்றும் சொன்னது. "ஆமா" என்று மட்டும் சொன்னாள் ஏணி. மூன்றாவது இடம்.

லிஃப்ட் அக்கா கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்து வந்தாள். "ஏய் மிளகு, ஆறு வருஷம் பெரியவள 'டி' போட்டுக் கூப்பிடுற! அக்கான்னு சொன்னா என்ன?"

மிளகு முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "அ-அக்கான்னு சொல்ல நே-நேரமில்ல."

லிஃப்ட் அக்கா அண்ணாந்து சிரித்தாள். பார்வையாளர் வரிசைவரை கேட்கிற மாதிரியான சிரிப்பு. பிறகு அவள் ஏணியைப் பார்த்தாள். க்ரீஸ் விரலால் அவள் மூக்கு நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துவிட்டு, சத்தமாக அடித்த கைபேசியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

சான்றிதழில் பெயர் எழுத ஒரு வெள்ளைத் தொப்பிக்காரர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு குழுக்கள் எழுதிக்கொண்டு போய்விட்டன. இவர்களுக்குப் பின்னால் அடுத்த போட்டிக்குப் பதிய வந்தவர்களின் வரிசை நீண்டிருந்தது. ஏணி தன் பெயரைச் சொன்னாள். மிளகின் முறை.

"பேரு?"

மிளகு வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே நின்றது. ஒருமுறை. இன்னொருமுறை.

"ஆங், தெரியும், தெரியும்" என்று அவர் அன்பாகத் தலையாட்டிவிட்டு, அந்த எழுத்தில் தொடங்குகிற, ஊரில் பாதிப் பெண்களுக்கு இருக்கிற ஒரு பெயரை வடிவான கையெழுத்தில் எழுதினார். "அடுத்தது?"

மிளகின் பெயர் ஏணியின் வாய்க்குள் உருண்டது. சொல்லியிருந்தால் ஒரு விநாடி வேலை. அவள் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

மிளகு நுனிக்காலில் எழும்பி, மேசைமேல் சாய்ந்து, அந்தக் காகிதத்தில் விரலை வைத்தாள்.

"இது நா-நான் இல்ல."

"அப்ப சீக்கிரம் சொல்லும்மா. பின்னாடி எத்தன பேரு நிக்கிறாங்க பாரு."

மிளகு திரும்பி வரிசையைப் பார்த்தாள். தலைமுதல் வால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"நி-நிக்கட்டும்" என்றாள்.

பிறகு, இனிஷியலிலிருந்து, தன் பெயரைச் சொல்லத் தொடங்கினாள். தொப்பிக்காரர் எழுதியதை அடித்தார். பேனா முனையைக் காகிதத்துக்கு ஒரு விரல்கடை மேலே நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்.